ஆற்றுக்கு மஞ்சள், பெண்ணுக்குக் குடம்

ஆடி பிறந்ததும் எங்கள் ஊருக்கு முதலில் வருவது காற்று. அடுத்தது நகைக்கடைகளின் குறுஞ்செய்தி: பதினெட்டாம் பெருக்கன்று ஒரு கிராமாவது வாங்குங்கள், பெருகும். மூன்றாவதாக வருபவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் சித்தப்பாக்கள். "நதியைத் தாயாக வணங்கும் பண்பாடு நம் பண்பாடு, பெண்மையைப் போற்றும் விழா ஆடிப்பெருக்கு" என்று அகல் விளக்குப் படத்தோடு அனுப்புவார்கள். நான்காவதாகத் தண்ணீர் வர வேண்டும். அது மட்டும் வராது.

நகைக்கடையோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் வியாபாரம் செய்கிறார், அதை ஒளிக்கவும் இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம், ஒரு தள்ளுபடி போடுகிறார். என் சண்டை சித்தப்பாக்களோடுதான். ஆடிப்பெருக்கு பெண்களின் விழா என்கிறார்களே, அந்த ஒரு சொல்லோடு. தண்ணீரைக் கும்பிடும் வேலை பெண்ணுக்கு. தண்ணீரைத் தூக்கும் வேலையும் பெண்ணுக்கு. எந்த மடையை என்றைக்குத் திறப்பது, எந்தக் கழிவை எந்த ஓடையில் விடுவது, எந்த ஊருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை குழாயில் விடுவது, இதெல்லாம் வேறு யாரோ. இப்படிப் பங்கு போட்டுவிட்டு 'போற்றுகிறோம்' என்றால் கோபம் வருமா வராதா?

முதலில் ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும்தான் தெரியும்.

ஆடிப்பெருக்கு தென்மேற்குப் பருவமழையின் விழா. குடகு மலையில் ஆனியிலும் ஆடியிலும் பெய்யும் மழை காவிரியில் இறங்கி வரும்போது, மழையே பார்க்காத தஞ்சாவூரில் ஆறு கரை புரளும். அந்த ஆச்சரியத்துக்கு எடுத்த விழா இது. திண்டுக்கல் சமவெளியோ அந்த மழைக்கு மலையின் மறுபக்கம். மேகம் தன் சரக்கையெல்லாம் கேரளப் பக்கமே இறக்கிவிடும். நமக்கு வருவது வெறுங்கையோடு வரும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தார்களே, அந்தக் காற்றுதான் நமக்கு வந்து சேரும் தென்மேற்குப் பருவம். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ஆகவே ஆடி 18 அன்று குடகனாற்றில் போய் நின்றால் கால் நனையாது. கருவேல முள் குத்தாமல் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம்.

'அப்படியென்றால் உனக்கு எதற்கம்மா ஆடிப்பெருக்கு? தஞ்சாவூர்க்காரன் கொண்டாடிவிட்டுப் போகட்டும்' என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்கு ஆற்றின் வழியைச் சொன்னேன். குடகனாறு பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை நிறைத்து, திண்டுக்கல்லுக்கு மேற்கே ஓடி, வேடசந்தூர் பக்கம் அழகாபுரி அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. ஆக நாங்களும் காவிரி வீட்டுப் பிள்ளைகள்தான், கொஞ்சம் ஏழைப் பங்காளிகள். மாவட்டத்தின் தெற்கே நிலக்கோட்டை, வத்தலக்குண்டுப் பக்கத் தண்ணீர் வைகைக்குப் போகிறது. வைகையின் பெண்களுக்கு இந்தக் கொண்டாட்டம் இன்று நேற்று வந்ததல்ல. பரிபாடலில் நமக்குக் கிடைத்திருக்கும் 22 முழுப் பாடல்களில் 8 வையையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்தால் மதுரையே கிளம்பி ஆற்றங்கரைக்குப் போனதை அவை சொல்கின்றன. கல்கி 'பொன்னியின் செல்வ'னை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்கியதும் சும்மா இல்லை. தமிழ்நாட்டில் தண்ணீரும் பெண்களும் ஊரும் ஒன்றாகக் கண்ணில் படுகிற நாள் அது.

விழாவின் உள்ளே இருக்கும் கற்பனை அழகானது, அதை நான் மறுக்கவில்லை. காவிரி அன்று பிள்ளைத்தாய்ச்சி. மசக்கை. அவளுக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் வாய்க்கு ருசியாகக் கட்டிக்கொண்டு போய், காதோலை கருகமணி, மஞ்சள், வளையல் வைத்துக் கொடுப்பது. பெண் ஒருத்தி இன்னொரு பெண்ணின் உடம்பைப் புரிந்துகொண்டு செய்கிற காரியம். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். மணலில் ஒரு பிள்ளையாரைப் பிடித்து வைத்தால் போதும். இன்னொன்றும் கவனியுங்கள். நம் பண்டிகைகளில் பல திதியையோ நட்சத்திரத்தையோ பார்த்து வருபவை. இது அப்படி இல்லை. ஆடி மாதம் பதினெட்டாம் தேதி, அவ்வளவுதான். ஆங்கிலக் கணக்கில் ஆகஸ்ட் 2 அல்லது 3. சூரியக் கணக்கில் நிற்கும் விழா உழவுக் கணக்கில் நிற்கும் விழா. தண்ணீர் வந்ததா, விதைக்கலாமா என்று போய்ப் பார்க்கிற நாள். அதாவது இது தொடக்கத்திலேயே ஒரு சோதனை. தண்ணீரை நேரில் போய்ச் சரிபார்க்கிற வேலை, அதையும் பெண்கள் செய்கிற வேலை.

அந்தச் சரிபார்ப்புதான் இன்று காணாமல் போய்விட்டது. மஞ்சள் மட்டும் மிச்சம்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. 120 அடி, 93.47 டி.எம்.சி. அதற்குப் பிறகு காவிரியில் ஆடிப்பெருக்கு என்பது உண்மையில் ஷட்டர் பெருக்கு. மேலே கர்நாடகம் விட வேண்டும், இங்கே மதகு திறக்க வேண்டும். வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. ஆனால் 2017-ல் பாசனத்துக்குத் திறந்தது அக்டோபர் 2-ல்தான். அந்த ஆண்டு ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் வந்த பெண்களுக்குப் போர்வெல் தண்ணீரை ஷவரில் விட்டார்கள். யோசித்துப் பாருங்கள்... ஆறு வற்றியிருக்கிறது, அந்த ஆற்றின் கரையிலேயே நிலத்தடி நீரை உறிஞ்சி, அதற்குப் பூ போட்டுக் கும்பிடுகிறோம். பண்டிகை நடக்க வேண்டும், படம் வர வேண்டும். ஆறு ஏன் வற்றியது என்று அன்றைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது. ஷவரில் குளித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் குளித்தார்கள். ஷவர் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

சரி, திருச்சியை விடுங்கள். திண்டுக்கல்லுக்கே வருகிறேன்.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படிப்பார்கள். 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று அடித்துச் சொன்ன தீர்ப்பு. எல்லாரும் அதை வேலூர் வழக்கு, பாலாற்று வழக்கு என்றே சொல்கிறோம். ஆனால் அதில் நம் மாவட்டமும் இருக்கிறது, அன்றைய பெயரில், 'திண்டுக்கல் அண்ணா'. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அதில் வருகிறது. (இணையத்தில் கிடைக்கும் நகலில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' ஆகியிருக்கிறது. டெல்லிக்குப் போனால் நம் ஊர்ப் பெயர் அப்படித்தான் ஆகும்.) குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நாலு கிணற்றில் மூன்று. அதற்கு அடுத்த வரியில் நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்கிறது: குடிதண்ணீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆண்கள் நடப்பதாக அதில் இல்லை. ஏனென்றால் நடக்கவில்லை.

அதே தீர்ப்பில் இன்னொரு கணக்கு: ஒரு கிலோ தோல் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். கிலோவுக்கு இரண்டு குடத்துக்கும் மேல். உள்ளே போகிறபோது நல்ல தண்ணீர், வெளியே வருகிறபோது எதற்கும் ஆகாத தண்ணீர். தோல் ஷாப்பில் வேலை பார்த்த குடும்பங்களும் இந்த ஊரில்தான் இருக்கின்றன, அவர்களும் அதே கெட்ட கிணற்றுக்காரர்கள்தான், அதனால் 'தொழிலை மூடு' என்று கோஷம் போடுவது எனக்குச் சுலபமாக வரவில்லை. தீர்ப்பும் ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை. ஐந்து மாவட்டத்துத் தோல் ஷாப்புகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம், 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு, இல்லாவிட்டால் மூடல். கிணற்றில் இறங்கிய உப்பு மட்டும் தேதி பார்த்து மேலே வராது.

இந்த 350 கிணறுகளில் எத்தனை கிணற்றடியில் ஆடி 18-க்கு மஞ்சள் பூசியிருப்பார்கள்? ஆறு பக்கத்தில் இல்லாத ஊரில் கிணற்றுக்கும், கிணறும் போனால் அடிபம்புக்கும் தெருக்குழாய்க்கும் பூசை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். கெட்டுப்போன கிணற்றுக்கும் செய்வார்கள். கெடுத்தவர் யார் என்று அந்தப் பூசையில் ஒரு வார்த்தை வராது.

இப்போது என் அப்பத்தாவைப் பற்றி ஒரு பத்தி. தாத்தா இறந்தபோது அப்பத்தாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது அவர்தான். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. தலைப்பாரம் இறக்கி இறக்கிக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போய்விட்டது. பதினெட்டாம் பெருக்கன்று தெருக்குழாய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மற்றவர்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும்போது அப்பத்தா வீட்டுக்குள் புளிச்சோறு கிண்டிக்கொண்டிருப்பார். வெளியே வர மாட்டார். நான் ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தேன். "ஏத்தா, நான் அங்கன வரப்படாது, நீ போ" என்று கையை விடுவித்துக்கொண்டார். குரலில் வருத்தம்கூட இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீரைச் சுமக்க அறுத்தவள் ஆகும். தண்ணீரைக் கும்பிட ஆகாது. சித்தப்பாக்களே, எந்தப் பெண்மையை நீங்கள் போற்றுகிறீர்கள்? புருஷன் உயிரோடு இருக்கும் பெண்மையை மட்டுமா?

சாதியும் இதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பாதிக் கதை. பொதுக் கிணற்றில் யார் வாளி விடலாம், ஊருணியில் யார் எந்தப் பக்கம் இறங்கலாம், ஆற்றில் மேல்துறை யாருக்கு, கீழ்த்துறை யாருக்கு என்று பிரித்து வைத்த ஊர்கள் நம் ஊர்கள். 'தாயே' என்று எல்லாரும் ஒரே ஆற்றைத்தான் கூப்பிட்டார்கள். தாயின் பக்கத்தில் யார் நிற்கலாம் என்பதற்குத் தனிச் சட்டம் வைத்திருந்தார்கள்.

'பண்டிகை அன்றைக்கு இதையெல்லாம் பேசணுமா? சந்தோஷமான நாள் இல்லையா?' என்று கேட்பார்கள். அம்மாவே கேட்டார். பெண்கள் கூடும் பண்டிகையில் வழக்குப் பேசுவது ஒன்றும் புதிதல்ல என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

வட இந்தியாவிலும் நேபாளத்திலும் மழைக்காலத்தில் தீஜ் என்று பெண்களின் பண்டிகை வரும். ராஜஸ்தானில் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள், பச்சை வளையல் போடுவார்கள். ஹர்தாலிகா தீஜ் அன்று புருஷன் நீடூழி வாழ ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். வெளியே கொட்டுகிற மழை, உள்ளே தொண்டை வறண்ட பெண். (புருஷன்கள் யாரும் பதிலுக்குத் தாகமாக இருப்பதாகத் தெரியவில்லை.) இதே பண்டிகையை நேபாளத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிவப்புச் சேலை கட்டி ஆடிப்பாடும் அந்தக் கூட்டத்தில், புகுந்த வீட்டில் படும் பாட்டை, குடிகாரப் புருஷனை, மகனுக்குச் சொத்து மகளுக்கு ஒன்றுமில்லை என்ற அநியாயத்தை அவர்களே பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். 1990-ல் அங்கே பல கட்சி ஆட்சி திரும்பி வந்ததும் பாட்டில் அரசியலும் நேரடியாக வந்தது. டோரத்தி ஹாலண்ட், டெப்ரா ஸ்கின்னர் என்ற இரண்டு அமெரிக்க மானுடவியலாளர்கள் ஒரு மலைக் கிராமத்தில் இதைக் கேட்டுப் பதிவு செய்து 1995-ல் எழுதினார்கள். பண்டிகையை யாரும் நிறுத்தவில்லை. விரதமும் இருந்தது, பாட்டும் இருந்தது. வருடத்தில் பெண்கள் பயமில்லாமல் கூடக்கூடிய ஒரு நாள், அந்த நாளை அவர்கள் வீணாக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நமக்குக் கும்மி இல்லையா? குலவை இல்லையா? முளைப்பாரிக்கு மண்ணெடுத்து, பயறு ஊறவைத்து, இருட்டறையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து விதையின் முளைப்புத் திறனை ஊருக்கே காட்டுகிறவர்கள் பெண்கள். விவசாயப் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பாடமாக நடத்துவார்கள். ஊரில் இதற்குப் பெயர் நேர்த்திக்கடன். அந்தப் பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டுகிற பெண்களுக்கு இட்டுக்கட்டிப் பாடவும் வரும். அதில் ஏன் குழாயில் தண்ணீர் வராத நாட்கணக்கு வரக்கூடாது?

சரி, பாட்டுப் பாடினால் தண்ணீர் வந்துவிடுமா? வராது. இங்கேதான் நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் யார் பேச்சைக் கேட்கிறது என்று பார்த்தால், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பேச்சை. தமிழ்நாட்டில் 2000-ல் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து, விவசாயிகளே வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் சங்கத்தில் விவசாயி என்றால் நிலத்தின் சொந்தக்காரர். நாற்று நட்டவள், களை எடுத்தவள், வாய்க்காலில் மடை மாற்றியவள் எல்லாம் அந்தக் கணக்கில் விவசாயி இல்லை. பட்டாவில் அப்பா பெயர், அப்பாவுக்குப் பின் அண்ணன் பெயர். இத்தனைக்கும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டுவிட்டது, மத்திய அரசுக்கே அது 2005-ல்தான் தோன்றியது. சட்டம் வந்து முப்பத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் சொந்தப் பெயரில் வயல் உள்ள பெண்களை எண்ண எனக்கு ஒரு கை விரல் போதும். அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் நாளில் மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்கு நல்ல விருந்து உண்டு.

நிலம் பெண் பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நம் திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981-ல் அவரும் கணவரும் தொடங்கிய லாப்டி இயக்கம் கீழத்தஞ்சையில் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதியது. ஆண் பெயரில் எழுதினால் கடனுக்கும் சாராயத்துக்கும் போய்விடும் என்பது அனுபவம். பிறகு இறால் பண்ணைகள் வந்து அந்தக் கரையோரத்தின் நிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் அந்தப் பெண்கள் முன்னால் நின்றார்கள். ஜெகந்நாதன் பெயரில் போன வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஷாப் தீர்ப்பும் இறால் தீர்ப்பும் ஒரே வருடத்தில் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் கெட்டுப்போன தண்ணீர் பற்றியவை. 2008-ல் அந்தத் தம்பதிக்கு மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது கிடைத்தது. 2020-ல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் திண்டுக்கல்லின் புகழ்பெற்ற பெண் யார் என்று கேட்டுப் பாருங்கள், சினிமா நடிகை பெயர் ஏதாவது வரும்.

இன்னொரு பக்கத்துக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் விட முடியாது. 'ஆடிப்பெருக்கே மூடநம்பிக்கை, கயிறு மாற்றுவது அடிமைத்தனம், இதையெல்லாம் தூக்கிப்போடு' என்று கல்லூரியில் ஒரு சீனியர் அண்ணன் எனக்கு வகுப்பு எடுத்தார். கயிறு பற்றி அவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் விழாவைத் தூக்கிப்போட்டால், வருடத்தில் ஒரு நாள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒன்றாக ஆற்றுக்குப் போய் அதன் நிலைமையைக் கண்ணால் பார்க்கிற நாளும் போய்விடும். ஆறு வற்றிக்கிடப்பதை, மணல் அள்ளிய பள்ளத்தை, கரையில் கொட்டிய கோழிக்கழிவை யார் போய்ப் பார்ப்பார்கள்? அந்த அண்ணன் போக மாட்டார். அவர் மீட்டிங்கில் இருப்பார் :)

வற்றிய ஆறு என்று குடகனாற்றை ஏளனமும் செய்ய வேண்டாம். அழகாபுரியில் அதன் குறுக்கே கட்டிய மண் அணை, கட்டி முடித்த 1977-லேயே வெள்ளம் மேலே ஏறி உடைந்துபோனது. பிறகு மறுபடி கட்டினார்கள். ஆக, தண்ணீர் வருகிற ஆறுதான். எப்போது வரும், வந்தால் எங்கே போக வேண்டும், யார் பங்கு எவ்வளவு என்பதில்தான் மேலே இருக்கிற ஆத்தூர்ப் பக்கத்துக்கும் கீழே இருக்கிற வேடசந்தூர்ப் பக்கத்துக்கும் பல காலமாக வழக்கு. அந்தப் பேச்சுவார்த்தைப் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருக்கிறேன். அதிகாரிகள், விவசாயிகள், வெள்ளை வேட்டிகள். இரண்டு பக்கத்திலும் குடம் தூக்குகிறவர்கள் படத்துக்கு வெளியே.

பஞ்சாயத்தில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்ததே என்பீர்கள். 2019 டிசம்பரில் அந்தக் கணக்கில் தேர்தலும் நடந்தது, நிறைய அக்காக்கள் ஜெயித்தார்கள். பல ஊரில் போய்த் 'தலைவர் இருக்காரா' என்று கேட்டால் தலைவியின் வீட்டுக்காரர்தான் வெளியே வந்தார். அதற்காகச் சட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். நாற்காலி வந்துவிட்டது, உட்காருவதற்குத்தான் இன்னும் சண்டை போட வேண்டியிருக்கிறது.

அதனால் இந்த வருடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஆடி 18 முடிந்து பன்னிரண்டு அல்லது பதின்மூன்றாம் நாள் ஆகஸ்ட் 15, கிராம சபை. கணக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது பாருங்கள். பெருக்கன்று சோற்று மூட்டையோடு போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். ஆற்றில், கண்மாயில், கிணற்றில் எவ்வளவு தண்ணீர், என்ன நிறம், என்ன வாடை, மடை ஷட்டர் இருக்கிறதா துருப்பிடித்ததா, மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள், எல்லாம் எழுதுங்கள். அப்பத்தாக்களையும் கூட்டிப்போங்கள், எந்த வருடம் எந்தக் கிணறு உப்பானது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனால் பாதிப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். பிறகு ஆகஸ்ட் 15 அன்று அந்த நோட்டோடு சபைக்குப் போய், ஊர்த் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அறிக்கை எங்கே என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நூறுநாள் வேலை அட்டைக்கு என்று சொல்லி வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்க வருவார்கள், கொடுக்காதீர்கள். மாநகராட்சிக்குள் இருக்கிறவர்களுக்கு 2022 விதிகளின்படி ஏரியா சபை இருக்கிறது, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள். ஆகஸ்டில் பதில் வராவிட்டால் அக்டோபர் 2-ல் அடுத்த கிராம சபை இருக்கிறது, நவம்பர் 1-ல் இன்னொன்று. அதற்குள் ஐப்பசி மழையும் வந்துவிடும், ஆற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் ஓடுகிறது என்று இன்னொரு முறை போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.